நம்பியார் என்றொரு வில்லன்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பழைய தமிழ்ப் படம் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பெரியவர்கள் வருவார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகளும் வருவார்கள். படம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது கதாநாயகனைப் பற்றிப் பெரிதாக யாரும் கேட்பதில்லை. அவரைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். கேள்வி வருவது வில்லனைப் பற்றித்தான், அதிலும் எம்.என். நம்பியாரைப் பற்றித்தான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த நம்பியார்?

மஞ்சேரி நாராயணன் நம்பியார். 1919 மார்ச் 7ஆம் தேதி கேரளத்தின் கண்ணூர்ப் பக்கத்தில் பிறந்தவர். தாய்மொழி மலையாளம். ஆனால் தமிழ்ப் படங்களில் வில்லன் என்றாலே இவர் முகம்தான் நினைவுக்கு வரும் அளவுக்குத் தமிழை வசப்படுத்திக்கொண்டவர். 1935இல் தொடங்கி 2000ஐத் தாண்டியும் நடித்தார். கறுப்பு வெள்ளையில் கத்திச் சண்டை போட்ட அதே மனிதர் வடிவேலு காலத்திலும் திரையில் இருந்தார். சென்னையில் 2008 நவம்பர் 19ஆம் தேதி, 89 வயதில் காலமானார்.

நாடகத்துக்கு எப்படி வந்தார்?

வறுமைதான் காரணம். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் ஊட்டிக்குப் போனது. பதின்மூன்று வயதளவில் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய பிறகால நடிப்பு விளங்கும். அந்தக் காலத்துப் 'பாய்ஸ் கம்பெனி' என்பது பள்ளிக்கூடமும் விடுதியும் தொழிற்சாலையும் சேர்ந்த இடம். சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே, அடி உதையும் அங்கேதான். பொடியன்களுக்குப் பாட்டு, வசனம், நடை, மேடையில் நிற்கும் விதம் எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். இன்றைக்கு ராஜா, நாளைக்குச் சேவகன், மறுநாள் பெண் வேடம். இதற்குத்தான் நான் என்று யாரும் சொல்ல முடியாது. ஒலிபெருக்கி வசதியில்லாத கொட்டகைகளில் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும். போகாவிட்டால் அந்தப் பொடியனுக்கு வேடம் கிடைக்காது.

நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனி பக்தி நாடகங்களுக்குப் பேர் போனது. ராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்ததால்தான் அவர் பெயரோடு 'நவாப்' ஒட்டிக்கொண்டது. ஒழுக்கத்தில் கண்டிப்பான ஆள். நம்பியாரின் கட்டுப்பாடான வாழ்க்கைக்கு வித்து போட்டவர் அவரே என்று நான் நம்புகிறேன்.

முதல் படம் எது?

அதே கம்பெனியின் நாடகம் படமானபோது அதில் சேர்ந்தார்: 'பக்த ராமதாஸ்', 1935. அதற்கு அவர் வாங்கிய சம்பளம் 40 ரூபாய் என்பார்கள். வேடம் வில்லன் இல்லை, நகைச்சுவை.

அப்படியானால் எடுத்த எடுப்பிலேயே வில்லன் இல்லையா?

இல்லை. இதைக் கேட்டதும் பலர் நம்ப மாட்டார்கள். 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் அவர்தான் கதாநாயகன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல் அது. ஒரு குற்றத்தைத் துலக்குவதற்காக வேடத்துக்கு மேல் வேடம் மாற்றிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வேடத்துக்கும் நடை வேறு, குரல் வேறு. பாய்ஸ் கம்பெனியில் பட்ட பாடெல்லாம் அங்கே பலன் தந்தது. 1952இல் 'கல்யாணி'யிலும் நாயகனாக வந்தார்.

மேடையிலும் அப்போதே பேர் வாங்கிவிட்டார். சக்தி நாடக சபாவின் 'கவியின் கனவு' என்ற நாடகம் தமிழ்நாட்டில் அமர்க்களமாக ஓடியது. எஸ்.டி. சுந்தரம் எழுதியது. அதில் ராஜகுரு வேடம் நம்பியாருக்கு. நாகப்பட்டினத்தில் அந்த நாடகம் நடந்தபோது திருச்சியிலிருந்து பார்க்க வரும் சனத்துக்காகத் தனி ரயில் விட்டார்கள் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

பிறகு ஏன் வில்லனாகவே ஆகிவிட்டார்?

மேடையில் கட்டிய அந்த ராஜகுருதான் சினிமாவுக்கும் வந்து சேர்ந்தார். 1950இல் 'மந்திரி குமாரி'. கலைஞர் கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். நாயகன். நம்பியார் ராஜகுரு. மகனைத் தளபதியாக்கிவிட வேண்டும் என்று சூழ்ச்சி செய்யும் தகப்பன். அந்த மகனாக எஸ்.ஏ. நடராஜன். நம்பியாருக்கு அப்போது வயது 31! வளர்ந்த மகனுக்குத் தகப்பனாக, அரசனுக்கே புத்தி சொல்லும் குருவாக வந்து நிற்கிறார், பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வருவதில்லை.

அடுத்த வருடமே 'சர்வாதிகாரி'. அதிலும் எம்.ஜி.ஆரோடு மோதும் வேடம், கத்திச் சண்டை எல்லாம். படம் ஓடியது. ஓடிய சோடியைப் பிரிக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வராது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடத்துக்கு எம்.ஜி.ஆர். படம் என்றால் எதிரில் நம்பியார் இருப்பார் என்று சனம் எதிர்பார்க்க ஆரம்பித்தது.

கையைப் பிசைவது, கண்ணை உருட்டுவது, வாயைக் கோணுவது... அது மிகை நடிப்பு இல்லையா?

மிகைதான், மறுக்கவில்லை. ஆனால் மிமிக்ரிக்காரர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு அவர் படம் முழுக்க அப்படியே இருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு படத்தை எடுத்து வைத்து நம்பியாரை மட்டும் கவனித்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அவர் அமைதியாக நிற்பார். அடுத்தவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கழுத்து மட்டும் மெல்லத் திரும்பும். கண் மட்டும் ஒரு பக்கம் போகும். பேச்சும் தாழ்ந்த குரலில்தான் இருக்கும். கை பிசைவது வருவது, திட்டம் ஒன்று அவன் மனதில் உருவாகும் கணத்தில். அந்த ஒரு கணத்துக்காக மற்ற நேரமெல்லாம் உடம்பை அடக்கி வைத்திருக்கிறார். மிமிக்ரியில் அடக்கம் வராது, பிசைவது மட்டும்தான் வரும்.

இன்னொன்று. அந்தக் கால கெமரா இன்றைக்கு மாதிரி முகத்துக்குள் புகுந்து பார்க்காது. பெரும்பாலும் தூரத்து ஷாட், நீளமான ஷாட். கண்ணின் ஓரத்தில் நடப்பதைக் கலரியில் இருப்பவனுக்கும் காட்ட வேண்டும் என்றால் உடம்பு முழுவதையும் பயன்படுத்தத்தான் வேண்டும்.

வீரப்பா, அசோகன், மனோகர்... எல்லோரும் வில்லன்தானே? என்ன வித்தியாசம்?

ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரகம்.

பி.எஸ். வீரப்பா என்றால் சிரிப்பு. கொட்டகையே அதிரும். 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் இரண்டு நாட்டியக்காரிகளுக்கு நடுவில் நின்று "சபாஷ், சரியான போட்டி" என்றாரே, அந்த ஒரு வரி இன்றைக்கும் நம் வாயில் இருக்கிறது. கெட்டதைச் செய்வதில் அவருக்கு ஒரு கொண்டாட்டம். (இவரே 'ஆலயமணி' மாதிரி ஒரு நல்ல படத்தைத் தயாரித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.)

எஸ்.ஏ. அசோகன் வார்த்தையை இழுத்து, மடக்கி, எதிர்பாராத இடத்தில் நிறுத்துவார். அவருடைய வில்லனுக்குள் ஏதோ ஒரு நரம்பு பிசகியிருக்கும். திருச்சியில் கல்லூரிப் படிப்பு முடித்தவர்.

ஆர்.எஸ். மனோகருக்குக் கம்பீரம். படத்தில் அடியாள் தலைவனாக வந்து போனாலும் அவருடைய உயிர் மேடையில்தான் இருந்தது. 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் இராவணனை நாயகனாக நிறுத்தியவர். இலங்கைத் தமிழர் நமக்கு அது தனி நெருக்கம்.

நம்பியாரிடம் இருந்தது குளிர். வீரப்பாவின் வில்லனை நீங்கள் தெருவில் கண்டால் விலகிப் போய்விடலாம், சத்தம் முன்கூட்டியே வரும். நம்பியாரின் வில்லன் உங்கள் வீட்டுக்குள்ளேயே, உங்கள் சொந்தக்காரனாக, உங்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு இருப்பான். 'உத்தம புத்திர'னில் (1958) பாருங்கள். மாமன் நாகநாதன். இளவரசனைக் கொல்லவில்லை, அவனைக் குடியிலும் கூத்திலும் வளர்த்துக் கெடுக்கிறான், அதுவும் பாசத்தோடு. சிவாஜி இரட்டை வேடத்தில் திரையை நிறைக்கும் படம் அது. ஆனாலும் அந்த மாமன் பக்கத்தில் நிற்கும் காட்சிகளில் என் கண் அவரிடம்தான் போகும்.

சண்டையெல்லாம் உண்மையாகவே போடுவார்களா?

தாவிக் குதிப்பது, உயரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு 'டூப்' இருப்பார்கள். ஆனால் கத்திச் சண்டையில் ஒரே ஷாட்டில் இரண்டு முகமும் தெரியும்படி நிறைய எடுத்தார்கள். அங்கே தப்ப முடியாது, இரண்டு பேருக்கும் கத்தி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எம்.ஜி.ஆர், நம்பியார் இரண்டு பேருமே பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள், இரண்டு பேருமே உடம்பைப் பேணியவர்கள். காலும் கையும் எப்போது எங்கே வரும் என்று ஒருவருக்கு ஒருவர் தெரியும்.

'எங்க வீட்டுப் பிள்ளை' சவுக்கடிக் காட்சி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நம்பியாரைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது.

படம் 1965 பொங்கலுக்கு வந்தது. எம்.ஜி.ஆர். இரட்டை வேடம். ராமு கோழை, இளங்கோ துணிச்சல்காரன். ராமுவின் அக்காவைக் கட்டியவன் கஜேந்திரன், அதுதான் நம்பியார். சொத்து முழுக்க ராமுவுடையது, அதிகாரம் முழுக்கக் கஜேந்திரனுடையது. சவுக்கை எடுத்து ராமுவை விளாசுவான். பிறகு ராமு ஓடிப்போக, அவன் இடத்துக்கு இளங்கோ வந்து சேர, அதே சவுக்கு கை மாறுகிறது. மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டு "நான் ஆணையிட்டால்" என்று பாடி விளாசுகிறார். எழுதியவர் வாலி, பாடியவர் டி.எம். சௌந்தரராஜன்.

இப்போது முதல் பாதிக்குத் திரும்புங்கள். கஜேந்திரன் மாடியிலிருந்து இறங்குவதற்கு முன்னாலேயே வீட்டில் பேச்சு நின்றுவிடும். வேலைக்காரன் ஒதுங்குவான், மனைவி தலை குனிவாள். நம்பியார் அவசரப்படவே மாட்டார். சவுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இது தினமும் நடப்பதுதான் என்கிற மாதிரி ஒரு சாதாரணத்தோடு வருவார். கோபத்தில் அடிப்பவனைவிட வழக்கத்தால் அடிப்பவன் பயங்கரமானவன், அதை அவர் உடம்பால் காட்டிவிடுகிறார். எத்தனையோ வீடுகளில் அப்படி ஒரு ஆள் இருந்தான். பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவனைத் தெரியும்.

இரண்டாம் பாதியில் அவர் செய்வது இன்னும் கஷ்டமான வேலை. அடி வாங்க வேண்டும். முதல் அடி விழும்போது அவர் முகத்தில் வலி வருவதில்லை, நம்ப முடியாத திகைப்பு வருகிறது. இந்தப் பயலா என்னை அடிக்கிறான்? இரண்டாவது அடிக்குக் கோபம். அதற்குப் பிறகுதான் பயம் வருகிறது. பிறகு அந்தப் பெரிய உடம்பு மெல்ல மெல்லச் சுருங்குகிறது, ஒதுங்க இடம் தேடுகிறது. பாட்டு முழுக்க அவருக்கு ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை. எம்.ஜி.ஆர். அந்தப் பாட்டில் மலை மாதிரி உயர்ந்து தெரிகிறார் என்றால், கீழே ஒருவர் அங்குலம் அங்குலமாகக் குறைந்துகொண்டு போவதால்தான்.

சவுக்கைப் பிடித்தவரைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர். வாங்கியவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனக்கு அதில் தீராத ஆதங்கம் உண்டு. இதே கதை இந்தியில் 'ராம் அவுர் ஷியாம்' என்று 1967இல் வந்தபோது திலீப்குமாருக்கு எதிரில் கஜேந்திராவாகப் பிராண் நடித்தார். அவரும் பெரிய நடிகர்தான். இரண்டையும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அடி வாங்கும் கலையில் என் ஓட்டு நம்பியாருக்குத்தான்.

எம்.ஜி.ஆருக்கும் அவருக்கும் உண்மையிலேயே பகையா?

இல்லவே இல்லை. நீண்ட கால நண்பர்கள். ஒருவர் கண்டியில் பிறந்தவர், ஒருவர் கண்ணூரில் பிறந்தவர். இரண்டு வருட வித்தியாசம். இரண்டு குடும்பமும் மலையாளம் பேசும் குடும்பம், இரண்டு பேரும் தந்தையைச் சீக்கிரம் இழந்தவர்கள், இரண்டு பேரும் வயிற்றுப்பாட்டுக்காக நாடகக் கம்பெனிக்குப் போனவர்கள். எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானார். நம்பியார் தொடர்ந்து நடித்துக்கொண்டிருந்தார்.

கொழும்பில் அவருக்கு எப்படி இவ்வளவு பேர் கிடைத்தது?

படமும் வானொலியும்தான். கொட்டாஞ்சேனை செல்லமகாலில் எம்.ஜி.ஆர். படம் ஓடிய நாட்களைப் பற்றி எங்கள் கூட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் விடிய விடியக் கதைப்பார்கள். நாயகன் வரும்போது கலரியில் விசில், நம்பியார் வரும்போது 'ஊ' என்று கூச்சல், கெட்ட வார்த்தை. வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தில் அவர் படமும் இருக்கும். 1965இல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தபோது ஊரே திரண்டது. 'எங்க வீட்டுப் பிள்ளை', 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டும் வந்த வருடம் அது, இரண்டிலும் எதிரி நம்பியார்.

அப்புறம் இலங்கை வானொலி. வர்த்தக சேவையில் கே.எஸ். ராஜாவின் 'திரைவிருந்து' போகும்போது தெருவில் நடந்துகொண்டே நிகழ்ச்சி முழுவதையும் கேட்டுவிடலாம், ஒவ்வொரு வீட்டிலும் அதுதான். வசனத் துண்டுகள் வரும். படம் கண்ணில் தெரியாது, குரல் மட்டும். நம்பியாரின் குரலுக்கு அது போதுமாக இருந்தது. தியேட்டருக்கே போகாத அம்மாமாருக்கும் அந்தக் குரலைத் தெரியும்.

1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு இந்தியப் படங்களின் வரவு சுருங்கியது. 1983 ஜூலையில் தியேட்டர்களும் எரிந்தன. அந்தப் பழைய காலம் அத்தோடு முடிந்தது. ஆனால் பேச்சு வழக்கில் அவர் நிலைத்துவிட்டார். வீட்டில் யாராவது முறைத்துப் பார்த்தால் "என்ன, நம்பியார் மாதிரிப் பார்க்கிறாய்?" என்று கேட்பதை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். அவரை ஒரு படத்தில்கூடப் பார்க்காத பிள்ளைகளும் அதைச் சொல்கிறார்கள்.

சிவாஜி படங்களில் அவருக்கு நல்ல வேடம் உண்டா?

உண்டு. 'உத்தம புத்திர'னை மேலே சொல்லிவிட்டேன். 'சிவந்த மண்'ணில் (1969) திவான். 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) மதன்பூர் மகாராஜா. அந்தப் படத்தில் நாகேஷின் வைத்தியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், நியாயம்தான். ஆனால் வைத்தி தரகு பார்ப்பதே இந்த மகாராஜா மாதிரி ஒருவர் இருப்பதால்தான். கொஞ்ச நேரமே வருவார், பட்டு உடுத்து, மெல்லிய பேச்சு. சவுக்கும் கத்தியும் இல்லாத நம்பியாரைப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே பார்க்கலாம்.

அவர் நடித்ததில் உங்களுக்குப் பிடித்தது எது?

'நெஞ்சம் மறப்பதில்லை', 1963. ஸ்ரீதர் இயக்கம், வின்சென்ட் ஒளிப்பதிவு. மறுபிறவிக் கதை. ஜமீன்தார் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான், ஜமீன்தார் அந்தக் காதலை அழித்துவிடுகிறார். காதலர்கள் மறுபடி பிறந்து வருகிறார்கள். ஆனால் அந்த ஜமீன்தார் இன்னும் சாகவில்லை! நூறு வயதைத் தாண்டி, துப்பாக்கியோடு காத்துக்கொண்டிருக்கிறார்.

நம்பியாருக்கு அப்போது 44 வயது. வளைந்த முதுகு, பரட்டைத் தலை, பாதி மூடிய கண். ஒப்பனை மட்டும் அதைச் செய்துவிடாது. அந்த நடையைப் பாருங்கள். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கவும் உடம்பு மறுக்கிறது, வைராக்கியம் மட்டும் தள்ளிக்கொண்டு போகிறது. நாங்கள் இதைப் போட்ட அன்றைக்கு முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள். கணினி வித்தைகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

நேரில் எப்படிப்பட்டவர்?

குடி இல்லை, சிகரெட் இல்லை, மாமிசம் இல்லை. படப்பிடிப்புக்குப் போனாலும் மனைவி கையால் சமைத்ததையே சாப்பிடுவார் என்பது திரையுலகில் எல்லோரும் சொல்வது. தீவிர ஐயப்ப பக்தர். நவாப் கம்பெனி நாட்களில் தொடங்கி அறுபத்தைந்து வருடத்துக்கு மேல் சபரிமலைக்குப் போனவர். மகா குருசாமி என்று அழைக்கப்பட்டார். கார்த்திகையில் மாலை போட்டு மலைக்குப் போகும் நம் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி ஆட்களுக்கு நம்பியார் என்றால் நடிகர் என்பதைவிடக் குருசாமி என்றுதான் முதலில் நினைவு வரும். அவர் காலமானதும் மண்டல காலத்தில்தான்.

இவ்வளவு நல்ல மனிதர் எப்படி அவ்வளவு கெட்டவனாக நடித்தார்?

ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வருகிறது. நடிகர் ஒருவரை அவருடைய ஒழுக்கத்தை வைத்து அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தச்சன் சவப்பெட்டி செய்தால் அவனுக்குச் சாவில் ஆசை என்று சொல்வோமா? நல்லவராக இருந்தும் கெட்டவனாக நடித்தார் என்று வியப்பதில், அவருடைய உழைப்பு காணாமல் போய்விடுகிறது. பதின்மூன்று வயதிலிருந்து பழகிய தொழில் அது. குரலை எங்கே தாழ்த்துவது, எத்தனை அடி தள்ளி நின்றால் எதிராளி சின்னவனாகத் தெரிவான், கோபத்தை எந்த இடம்வரை மறைத்து வைப்பது என்றெல்லாம் கற்றுத் தேர்ந்தவர். ஒரு வேலைக்காரனுக்குரிய மரியாதையை அவருக்குக் கொடுக்க வேண்டும். மலைக்குப் போனது அவருடைய சொந்த வாழ்க்கை.

எம்.ஜி.ஆர். சினிமாவை விட்ட பிறகு என்ன செய்தார்?

பெரும்பாலான வில்லன்கள் அந்த அலையோடு ஒதுங்கினார்கள். நம்பியார் வேறு பக்கம் திரும்பினார். 1982இல் பாக்யராஜின் 'தூறல் நின்னு போச்சு'. அதில் அவர் முரட்டு வாத்தியார், உள்ளே இளகிய மனசு. முப்பது வருடமாக அவரைத் திட்டிய சனம் அந்தப் படத்தில் அவருக்காகச் சிரித்தது, அவருக்காகக் கலங்கியது. பாக்யராஜ் கெட்டிக்காரர். அந்த முகத்தைக் கண்டதும் நாம் பயப்படுவோம் என்று தெரிந்து, அந்தப் பயத்தை வைத்தே சிரிக்க வைத்தார்.

பிறகு தாத்தா வேடங்கள். 'வின்னர்' (2003) பார்த்த பொடியன்களுக்கு அவர் ஒரு கண்டிப்பான தாத்தா, அவ்வளவுதான். கடைசிப் படம் விஜயகாந்தின் 'சுதேசி'.

வெளிநாட்டுப் படத்தில் நடித்தாரா?

ஆம். 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த 'ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தில்.

இலங்கையிலிருந்து இந்தப் பாதையில் போனவர் யாராவது உண்டா?

ஏ.ஈ. மனோகரன். 'சுராங்கனி' பாடிய அதே 'சிலோன்' மனோகர்தான். பொப் பாட்டால் பேர் பெற்று, பிறகு தென்னிந்தியப் படங்களில் வில்லனாகவும் அடியாளாகவும் நடித்தார். பெரிய மீசை, வாட்டசாட்டமான உடம்பு. பாட்டில் நம்மைக் குதூகலமாக்கியவரைப் படத்தில் நாயகன் போட்டு அடிக்கும்போது இங்கே இருந்தவர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அந்தப் படங்களில் பெண்களைத் துரத்துவதும் கடத்துவதும் திரும்பத் திரும்ப வருகிறதே? இன்றைக்குப் பிள்ளைகளோடு பார்க்க முடியுமா?

நியாயமான கேள்வி. எழுபதுகளின் படங்களில் இது அலுப்பூட்டும் அளவுக்கு வருகிறது. கதை எழுதியவர்கள் சோம்பல் பட்ட இடமெல்லாம் வில்லனிடம் ஒரு பெண்ணை ஒப்படைத்துவிட்டு, நாயகன் வந்து மீட்பான் என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கும் அங்கே வேலை இல்லை, நம்பியாருக்கும் அங்கே வேலை இல்லை. எவ்வளவு பிடித்த நடிகர் என்றாலும் அந்தக் காட்சிகளுக்காக நான் வாதாட மாட்டேன். எங்கள் கூட்டத்தில் அந்த வகைப் படங்களைப் போடுவதில்லை.

அப்படியானால் எதில் தொடங்கலாம்?

பிள்ளைகள் கூட இருந்தால் 'எங்க வீட்டுப் பிள்ளை'. கலர்ப் படம், கதை விறுவிறு என்று போகும், அவர்களுக்குப் பொறுமை போகாது. ராஜா ராணிக் கதை பிடித்தவர்களுக்கு 'நாடோடி மன்னன்' (1958). அதில் வீரப்பா ராஜகுரு, நம்பியார் பிங்கலன், இரண்டு ரகத்தையும் ஒரே படத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு 'உத்தம புத்திரன்'. பிறகு 'தூறல் நின்னு போச்சு'. அவரைத் திட்டிப் பழகிவிட்டு அதைப் பார்த்தால்தான் அதன் சுவை தெரியும், முதலில் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

'நெஞ்சம் மறப்பதில்லை'யைக் கடைசிக்கு வையுங்கள். பழைய பிரதியில் இருட்டுக் காட்சிகள் மங்கலாகத்தான் இருக்கும், கைபேசியில் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.